ரத்தான முப்பத்தொரு வெற்றிகள்

முப்பத்தொரு வெற்றிகள் ரத்தான செவ்வாய்க்கிழமை காலையில், பதினைந்து வருஷங்களுக்கு முன் எரிந்து சாம்பலான நூற்றுப் பன்னிரண்டு சோபாக்கள் டாலிவர் ஊரின் முன்வாசல்களுக்குத் திரும்பி வந்தன. இந்த எண்ணிக்கை தீயணைப்பு நிலையத்தின் பதிவேட்டில் இருக்கிறது, ஊர்க்காரர்கள் கூட்டிச் சொன்னதல்ல. கென்டக்கியின் கிழக்கு மலைகளில் இருக்கும் இந்த ஊரில் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். இங்கே ஒருவரைக் கழுதை என்றால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அணி பெரிய ஆட்டம் ஏதாவது ஜெயித்தால் வீட்டு சோபாவை நடுத்தெருவுக்கு இழுத்து வந்து கொளுத்துவது வழக்கம். யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, நிறுத்தவும் யாருக்கும் மனசு வந்ததில்லை. அப்படி 1997ஆம் வருஷம் எரித்தவைதான் இப்போது வந்திருந்தன. லேசாகப் புகை வாடை அடித்தது. மற்றபடி பூப்போட்ட உறை, தொய்ந்த நடுப்பகுதி, பூனை கீறிய கைப்பிடி எல்லாம் அப்படியே இருந்தன. பல வீடுகளில் அதற்குள் இரண்டு சோபா மாற்றிவிட்டார்கள் என்பதால் வந்ததை எங்கே போடுவது என்பதுதான் அன்றைக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது.

காரணம் எளிமையானது. கல்லூரியில் மலை நதிகளின் வரலாறு என்று ஒரு பாடம் ஒன்பது வருஷம் நடந்தது. அதற்கு அறை கிடையாது, ஆசிரியர் கிடையாது, மணி அடித்து யாரும் போனதும் கிடையாது. படித்தவர்கள் எல்லாரும் விளையாட்டுக்காரர்கள், வாங்கியதெல்லாம் முதல் தர மதிப்பெண். கடைசியில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும், அதையும் யாரும் எழுதவில்லை, அலுவலகத்தில் யாரும் கேட்கவுமில்லை. உதவி முதல்வர் ஒருவர் கையெழுத்து மட்டும் போட்டார். விஷயம் வெளியே வந்ததும் அவர் ஃபுளோரிடாவுக்குப் போய் மீன் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். கல்லூரி விளையாட்டுகளை மேற்பார்வையிடும் குழு இரண்டு வருஷம் விசாரித்து, அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் ஆடிய 1997ஆம் வருஷத்து வெற்றிகள் எதுவும் வெற்றி ஆகாது என்று கடிதம் அனுப்பியது. அந்த வருஷத்து இறுதியாட்டமும் அதில் அடக்கம். டெஸ்மண்ட் ஃபேர்லி கடைசி விநாடியில் பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்து, விக்கர்ஷாம் கல்லூரியை ஒரே புள்ளியில் சாய்த்த பந்து, சட்டப்படி கூடைக்குள் விழவே இல்லை. உணவகச் சுவரில் இருந்த பெரிய புகைப்படத்தில் பந்தைக் காணோம். ஐயாயிரம் பேர் வாயைப் பிளந்துகொண்டு வெறும் காற்றைப் பார்த்துக் கூச்சலிடுகிறார்கள். முடிதிருத்தும் ராஸ்கோ கையில் பச்சை குத்தியிருந்த 78–77 அழிந்து, வெறும் தோல் அரித்தது.

ஊர் முதல் வாரம் குழுவைத் திட்டியது, இரண்டாவது வாரம் விக்கர்ஷாமைத் திட்டியது, மூன்றாவது வாரம் பத்திரிகைக்காரர்களைத் திட்டியது. சாயங்கால வானொலி நிகழ்ச்சியில் தொலைபேசி ஓயவில்லை. "எந்தக் கல்லூரியில சார் இது இல்ல? நாம மாட்டிக்கிட்டோம், அவ்வளவுதான்" என்றார் ஒருவர். "பையன் பந்து போட்டானா இல்லையா? நதி வந்தா போட்டுச்சு?" என்றார் இன்னொருவர். ஒரு பெண்மணி மட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாரையாவது வைத்திருக்கலாமே என்று கேட்டாள். அறிவிப்பாளர் உடனே ஒரு பாட்டைப் போட்டார்.

அப்படிக் கேட்டவள் ஓபல் ஸ்டிடம். கல்லூரி உணவுக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக மசித்த உருளைக்கிழங்கு பரிமாறுகிறவள். எல்லாருக்கும் சோபா திரும்பி வந்த அந்தக் காலையில் அவள் வீட்டிலிருந்து கணவன் வெளியே போய்விட்டான். நடந்தது இதுதான். டயர் கடை வெண்டல் அவளை ஒன்பது வருஷம் காதலித்தவன். கோவேறு கழுதைகள் இறுதியாட்டம் ஜெயித்தால்தான் கல்யாணம் என்று 1988இல் தேவாலயத்து விருந்தில், கையில் பொரித்த கோழித் தொடையோடு, பாஸ்டர் முன்னாலேயே சத்தியம் செய்துவிட்டான். பிறகு வருஷா வருஷம் அணி தோற்றது, வருஷா வருஷம் ஓபல் தேற்றினாள். 1997இல் ஜெயித்த அன்று, எரியும் தன் சோபாவுக்கு முன்னால் முகமெல்லாம் கரியோடு முழங்கால் போட்டு மோதிரம் கொடுத்தான். வெற்றியே இல்லையென்றால் அந்த முழங்கால் ஏது? செவ்வாய்க்கிழமை கண் விழித்த வெண்டல், பக்கத்தில் ஓபலைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தான். "மன்னிச்சுக்குங்க மிஸ் ஓபல், எப்படி இங்க தூங்கிட்டேன்னே தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, உங்க பேரு கெட்டுடும்" என்றான். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக, நடை சத்தம் கேட்காமல், டயர் கடை மாடியிலிருந்த தன் பழைய அறைக்குப் போனான். ஓபல் விரலில் இருந்த மோதிரம் கழன்று தலையணையில் கிடந்தது. தேவாலயப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்த வரி வெற்றிடமாக இருந்தது. டாக்டர் வெண்டலைப் பரிசோதித்துவிட்டு ஆளுக்கு ஒரு குறையும் இல்லை, கொழுப்பு மட்டும் கொஞ்சம் அதிகம் என்றார்.

வெண்டலுக்கு மற்றதெல்லாம் ஞாபகம் இருந்தது. அவள் வீட்டுக் கூரையை மூன்று தடவை சரி செய்தது, அவள் காய்ச்சலில் கிடந்தபோது எட்டு நாள் சூப் வைத்துக் கொடுத்தது எல்லாம் சொன்னான். ஏன் செய்தோம் என்பதுதான் விட்டுப்போயிருந்தது. நல்ல பக்கத்து வீட்டுக்காரன் என்று தன்னை நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தலையைப் படிய வாரிக்கொண்டு, கடையில் வாங்கிய பீச் பையோடு வந்து முன்வாசலில் கால்களைச் சேர்த்து உட்கார்ந்து, இந்த வருஷம் பயல்கள் ஜெயித்துவிடுவார்கள், ஜெயித்ததும் ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டும் என்பான். ஓபலுக்குச் சிரிப்பு வரும். ஐம்பத்திரண்டு வயதில், தன் சொந்தப் புருஷன் தன் கையைத் தொடத் தைரியம் திரட்டுவதைப் பார்ப்பது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அணியை இறுதியாட்டங்களிலிருந்து நான்கு வருஷத்துக்கு விலக்கி வைத்திருந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒருவன் ஓடும்போதே மூச்சு வாங்கி நின்று கும்பிடுகிறவன். இவர்கள் ஜெயித்து அவன் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் கல்லறையில் புல் முளைத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ராத்திரி படுக்கையில் அவன் பக்கம் குளிர்ந்து கிடப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஊர் ஒரு வேலை செய்தது. எழுதாத கட்டுரைதானே குற்றம், எழுதிக் கொடுத்துவிட்டால் வெற்றி திரும்பி வராதா என்று ராஸ்கோ முடிதிருத்தும் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. இருநூறு பேர் நூலகத்துக்குப் போனார்கள், அதில் பாதிப் பேருக்கு நூலகம் எங்கே இருக்கிறது என்று வழி சொல்ல வேண்டியிருந்தது. தச்சர்களும் நர்ஸுகளும் சுரங்கத்தில் ஓய்வு பெற்றவர்களும் உட்கார்ந்து, வெள்ளம் வந்த வருஷங்கள், மரம் மிதக்கவிட்ட காலம், எந்த மடுவில் எந்த மீன் என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினார்கள். வெண்டலே ஆறு பக்கம் எழுதினான். மேலே டெஸ்மண்ட் ஃபேர்லி என்று பெயர் போட்டு, பிக்கப் வண்டியில் ஏற்றி, ஹாரன் அடித்துக்கொண்டு போய்க் குழுவிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கட்டுரை சிறப்பாக இருக்கிறது, ஆனால் மாணவனுக்காக வேறு ஒருவர் எழுதித் தருவதும் அதே குற்றம்தான் என்பதால் அபராதமாக வேறொரு வருஷத்து இரண்டு வெற்றிகளும் ரத்து. மறுநாள் காலையில் மேலும் ஒன்பது சோபாக்கள் வந்து இறங்கின.

அதற்குமேல் ஓபல் யாரையும் நம்பவில்லை. பக்கத்து மாவட்டத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டெஸ்மண்டைத் தேடிப் போனாள். முப்பத்தாறு வயதில் நெற்றி ஏறியிருந்தது. அவளைக் கண்டதும் சிரித்து, "மேடம், நீங்கதானே எனக்கு மூணு கரண்டி போடுவீங்க" என்றான். பேருந்துப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கட்டுரையை நீயே எழுதித் தர முடியுமா தம்பி என்று அவள் கேட்டாள்.

"எழுதிட்டேன் மேடம். விஷயம் வெளிய வந்த அன்னிக்கே உக்காந்துட்டேன். பத்தொம்பது பக்கம். யாருக்கும் அனுப்பல, எனக்காகத்தான் எழுதினேன். காலேஜ்ல சேந்த புதுசுல நான் போய்க் கேட்டேன், வகுப்பு எந்த ரூம்லன்னு. அந்த ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். பதினெட்டு வயசு, வேற என்ன பண்றது?"

ஓபல் அன்றைக்கு அரங்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவள். தான் போட்ட மூன்று கரண்டி உருளைக்கிழங்குக்கு மேல் அந்தப் பையனுக்கு இந்த ஊரில் எதுவும் கிடைக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதை அவனிடம் சொன்னாள். அவன் அவள் தோளைத் தட்டிவிட்டு, இப்போது கட்டுரை எதற்கு என்று விசாரித்தான். வெண்டல் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுக் குழுவின் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். எத்தனை தடவை படித்திருப்பானோ, மடிப்புகள் கிழிந்திருந்தன.

"ஜெயிச்சது திரும்பி வராது மேடம். நானே போய் நின்னாலும் வராது. ஆனா இத நல்லாப் பாருங்க. ஜெயிச்சதத்தான் அடிச்சிருக்காங்க. அந்த வருஷம் நாங்க நாலு ஆட்டம் தோத்தோம், நாலும் அப்படியே இருக்கு. விக்கர்ஷாம் எங்ககிட்ட தோத்ததும் அப்படியே இருக்கு. அந்த ஆட்டத்துல ஜெயிச்சவனே கிடையாது, தோத்தவன் மட்டும் இருக்கான். தோத்தத யாரும் வந்து பிடுங்கிட்டுப் போறதில்ல."

ஓபல் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் விக்கர்ஷாம் டாலிவருக்கு ஆட வந்தது. அவர்களுடைய ரசிகர்கள் எல்லாரும் துடுப்போடு வந்திருந்தார்கள். "நதி எங்கே? நதி எங்கே?" என்று துடுப்பைத் தரையில் தட்டிக் கத்தினார்கள். டாலிவர்காரர்கள் கடுகு மஞ்சள் சட்டையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை, இந்த ஊரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம். வெண்டல் நடுவில் ஒரு இருக்கை விட்டு, மரியாதையாக, ஓபலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முடிந்தபோது 91–47. மூச்சு வாங்கும் பையன் நடு மைதானத்தில் குப்புறப் படுத்துவிட்டான். ஓபல் காலி இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வெண்டல், என்கிட்ட ஏதோ முக்கியமான விஷயம் பேசணும்னீங்களே, அத இப்பப் பேசுங்க."

"இப்பவா? நாப்பத்துநாலு புள்ளில செருப்படி வாங்கிட்டு உக்காந்திருக்கோம் மிஸ் ஓபல். நல்ல நாளாப் பாத்துப் பேசலாம். அடுத்த வருஷம் பயலுக..."

"ஜெயிச்சு நீங்க கேட்டா, நாளைக்கு எவனோ ஒரு கடிதாசி போடுவான், அதுவும் போயிடும். இந்தத் தோல்விய எவன் எடுப்பான் சொல்லுங்க பாப்போம்?"

வெண்டல் டயரில் ஓட்டை தேடுகிறவன் முகத்தோடு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எதிர் வரிசையில் துடுப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. "விக்கர்ஷாம் பயலுகளும் திருட்டுத்தனம் பண்ணியிருந்தா? அவனுங்களுக்கும் கடிதாசி வந்தா?" என்று கேட்டான்.

"வரட்டுமே. அவங்க ஜெயிச்சதுதான் போகும். நாம தோத்தது நம்மகிட்டயேதான் இருக்கும்."

அவன் ஸ்கோர் பலகையில் 91–47ஐ இன்னொரு தடவை படித்தான். பிறகு வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பாப்கார்ன் சிந்திக் கிடந்த தரையில் மெல்ல இறங்கினான். ஒன்பது வருஷமும் பதினைந்து வருஷமும் ஒரு குளிர்காலமும் சுமந்த கேள்வியை, சுற்றிலும் ஒருவர்கூடக் கைதட்டாத இடத்தில் கேட்டான். மோதிரம் ஓபலின் கைப்பையில் தயாராக இருந்தது. தலையணையில் கிடந்ததிலிருந்து அவள் அதை அங்கேதான் வைத்திருந்தாள். அதை அவள் விரலில் போட்டதும் அவன் அவள் முகத்தைப் பார்த்து, "ஓபல், எங்க போயிருந்த நீ இத்தனை நாளா? பசிக்குது" என்றான். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். விக்கர்ஷாம்காரர்கள் ஆட்டம் தோற்றதற்காக அழுகிறாள் என்று நினைத்துத் துடுப்பைத் தட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை பாஸ்டர் பழைய பதிவேட்டிலேயே, பழைய வெற்றிடத்திலேயே எழுதிக் கொடுத்தார். டெஸ்மண்ட் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, தன் பத்தொன்பது பக்கத்தை ஊர் நூலகத்தில் வைத்துவிட்டுப் போனான். இன்றுவரை அதிகம் பேர் எடுத்துப் படித்த புத்தகம் அங்கே அதுதான். அப்போதிருந்து டாலிவரில் கல்யாணம், ஞானஸ்நானம், வீடு வாங்குவது எல்லாமே அணி தோற்கும் நாட்களில்தான். அதற்காக யாரும் தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வதில்லை, அப்படி ஒரு அவசியமும் ஏற்பட்டதில்லை. எப்போதாவது அணி ஜெயித்துவிட்டால் வெண்டல் மற்றவர்களைப் போலவே நாற்காலி மேல் ஏறி நின்று கூச்சல் போடுவான். ஓபலும் கூச்சல் போடுவாள். ஆனால் கடைசி விநாடி ஓடும்போது மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, மோதிரம் போட்ட தன் கைக்குள் அவன் விரலை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.