நாக்குச் சத்தம்

இன்றைக்கு சீனியரை விடுவதாக இல்லை.

குரல் அறையின் கனத்த கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தபோது அவள் மனதில் ஓடியது அது ஒன்றுதான். இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை. கழுத்தில் ஹெட்போன். நெஞ்சில் பால் கட்டி வலித்தது. அதைவிடக் கோபம் கட்டி வலித்தது.

அவள் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர். வேற்றுமொழித் தொடர்களுக்கு நடிகர்கள் குரல் அறையில் நின்று வசனம் பேசுவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அதைப் பதிவது அவள் வேலை. பிரசவ விடுப்பில் போகும்போது அங்கிருந்த சுழல் நாற்காலி அவளுடையது. திரும்பி வந்தபோது அதில் சீனியர் சாய்ந்துகொண்டிருந்தார். வயதில் மூத்தவர், வேலைக்கு வந்ததில் இளையவர். பட்டப்பெயர் மட்டும் சீனியர்.

"எதுக்கும்மா அலட்டிக்கிற? பச்ச உடம்பு. பிள்ளையப் பாரு. நாற்காலி எங்க ஓடிடப் போகுது?" என்றார்.

நாற்காலி ஓடவில்லை. அவரோடு ஒட்டிக்கொண்டது.

முதலாளியம்மா நியாயம் தெரிந்தவர்தான். பொறுமைதான் கம்மி. "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பண்ணுங்க. அடுத்து வர்ற ராஜா கதை பெரிய தொடர். யாரு நேரத்துக்கு முடிச்சுக் குடுக்கறீங்களோ, நாற்காலி அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டார்.

நேரம்! அதற்குத்தானே அவளிடம் தட்டுப்பாடு.

பிள்ளைக்குப் பம்பரம் என்று பேர் வைத்தவள் சித்தி. அவள் அம்மாவின் தங்கை. பதிவு நடக்கும்போது முன்னறையில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். பேருக்கேற்ற பிள்ளைதான். மார்பில் வாய் வைத்த சூட்டோடு ஒரு கால் விலாவை உதைக்கும், ஒரு கை சங்கிலியைப் பிடித்து இழுக்கும். எங்கோ ஒரு பேனா விழுந்தால் போதும், தலை வெடுக்கென்று திரும்பும். வாயில் இருப்பதை விட்டுவிட்டாவது திரும்புவானா? மாட்டான். கூடவே இழுத்துக்கொண்டு திரும்புவான். அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். பிறகு சட்டென்று விடுவான். பால் பீய்ச்சி அவன் கண்ணிலேயே அடிக்கும். அதற்கும் அவள்மேல்தான் அலறல்.

"இவன் பால் குடிக்கிறானா, ஊர்வம்பு கேக்கறானா?" என்பாள் சித்தி. "இந்த வயசுல இப்படித்தான்டி. உலகமே இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது. சத்தமில்லாத இருட்டு ரூமாப் பாத்து உக்காரு."

சத்தமில்லாத அறைக்கு ஸ்டூடியோவில் என்ன பஞ்சம்? இடைவேளையில் குரல் அறை காலிதான். விளக்கைக் குறைத்தாள். கண்ணாடிக்குத் திரையை இழுத்தாள்; உட்கார்ந்தால் அவள் தலை மட்டும் திரைக்கு மேலே தெரியும். பிடித்து இழுக்கப் பிள்ளை கையில் பெரிய மணி கோத்த மாலை ஒன்றைக் கொடுத்தாள். கண்ணாடிச் சட்டத்தின் உச்சியில் ஒரு சிவப்பு பல்பு உண்டு. மைக் உயிரோடு இருந்தால் இரண்டு அறைக்கும் தெரிகிற மாதிரி எரியும். எரியாதபோதும் பம்பரம் அந்தச் சிவப்பையே வாய்பிளந்து பார்த்தான். அதையும் கழற்றி வைத்துக்கொண்டாள். குடித்து முடித்ததும் திரும்ப மாட்டிவிடுவாள். சும்மா உட்காராமல், அடுத்து பதிய வேண்டிய காட்சியை ஹெட்போனில் கேட்டுக்கொள்வாள்.

முதல் நாள் பூனைக்குட்டி மாதிரி குடித்தான். மறுநாளிலிருந்து பழையபடி ஆட்டம். அந்த இருட்டில், அந்த நிசப்தத்தில், எதற்கென்றே தெரியாமல் வெடுக் வெடுக்கென்று திரும்பினான். எந்தப் பக்கம் மாற்றிப் பிடித்தாலும் பார்வை மேசைக்கு அடியில். அரைவயிறோடு அழுதான். பதிவு தள்ளிப்போனது. நடிகர்கள் முணுமுணுத்தார்கள்.

"பால் பத்தலையோ என்னவோ" என்று சீனியர் உச்சுக்கொட்டினார். "புட்டிக்கு மாத்திடும்மா. இல்ல, கொஞ்ச நாள் வீட்லயே இரு. நான் வேணா முதலாளியம்மாகிட்ட பக்குவமா சொல்றேன்."

கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தன் உடம்பையே சந்தேகப்பட்டாள். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

நேற்றுதான் குட்டு உடைந்தது. உடைத்தவன் பம்பரமேதான். அவன் உதைத்த உதையில் ஒயர் காலில் சிக்கி, ஹெட்போன் கழன்று தரையில் விழுந்தது. கூடவே நாக்கைச் சொடுக்கும் சத்தமும் சீனியரின் குரலும் அவள் காதில் விழுந்தன:

"ட்ளக்... ட்ளக்... டேய் பம்பரம், இங்க பாருடா கண்ணா. விடுடா. குடிச்சது போதும்டா."

மேசைக்கு அடியில் சின்ன ஸ்பீக்கர். கட்டுப்பாட்டு அறையில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் அதில் கேட்கும். நடிகர்களிடம் 'இன்னொரு தடவை' என்று சொல்வதற்காக வைத்தது. அவள் காதை ஹெட்போன் அடைத்திருக்கிறது, பிள்ளைக்கு மட்டும்தான் கேட்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் மனுஷர்.

எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். ஆனால், 'விளையாட்டுக் காட்டினேம்மா' என்று பல்லை இளிப்பார். அதோடு போய்விடும். அவள் குனிந்து ஹெட்போனை எடுத்து, ஒன்றும் தெரியாதவள் போல மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் சித்தியிடம் மட்டும் சொன்னாள்.

"செருப்பக் கழட்டட்டுமா?" என்று எழுந்தே விட்டாள் சித்தி.

"வேணாம் சித்தி. நாளைக்குத் தயாரிப்பாளர் வர்றாரு. முதலாளியம்மாவோட முன்னறையிலதான் உக்காருவாரு. நான் பால் குடுக்க உள்ள போனதும், அங்க இருக்கிற பெரிய ஸ்பீக்கர்ல சத்தத்த ஏத்தி விடு. மத்தத அவரு நாக்கு பாத்துக்கும்."

இதோ, அந்த 'நாளைக்கு' வந்துவிட்டது. பல்பைக் கழற்றிப் பையில் போட்டாள். மைக்கின் ஒயரை வழக்கமான துளையிலிருந்து உருவி, முன்னறைக்குப் போகும் துளையில் செருகினாள். கட்டுப்பாட்டு அறையில் ஒலியளவு காட்டும் ஒரு முள்ளும் அசையாது. மைக்கை மேசைக்கு அடியில் இறக்கி வைத்தாள். ஹெட்போனை எதிலும் செருகாமல் காதில் மாட்டினாள்.

"குடிடா ராஜா" என்றாள், உதடு அசையாமல். "இன்னிக்கு எத்தன தடவ வேணாலும் திரும்பிக்கோ."

திரையோரத்து இடுக்கில் சீனியர் தெரிந்தார். நிமிர்ந்து அவள் தலையைப் பார்த்தார். பிறகு சட்டத்தின் உச்சியைப் பார்த்தார். சிவப்பு இல்லை. பல்பே அங்கே இல்லை என்பது அவருக்குத் தெரியாததா? 'வெளக்கக்கூடக் கழட்டிட்டியா?' என்று கேலி பேசியவரே அவர்தான். ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். சிவப்பு எரியவில்லையென்றால் மைக் செத்தது என்று கண் சொன்னது. மூளை மறுபேச்சுப் பேசவில்லை.

"ட்ளக்... ட்ளக்..."

பம்பரம் திரும்பினான், இழுத்துக்கொண்டே. அவள் பல்லைக் கடித்தாள். சுண்டுவிரலை அவன் வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி, மறுபடி வைத்தாள். பேசு. இன்னும் பேசு.

"வாடா தங்கம். அழுடா. நீ அழுதாத்தான்டா மாமாவுக்கு நாற்காலி. அந்த அரைப்படி தயாரிப்பாளன் வந்து குந்தியிருக்கான். அவன் முன்னாடி உங்கம்மா இன்னிக்கும் லேட்டாகணும், சரியா? முதலாளியம்மாவா? அந்தம்மாவுக்குக் காது கம்மல் மாட்ட மட்டும்தான்டா. தாய்ப்பால் பத்தலன்னேன், நம்பிடுச்சு. ட்ளக்... ட்ள—"

நாக்கு பாதியில் நின்றது. விரல் மட்டும் பொத்தானைவிட்டு எழவில்லை. அதனால் கட்டுப்பாட்டு அறைக் கதவு திறந்ததும், அதன்பின் நடந்ததும் மேசைக்கடியில் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சீனியர்." முதலாளியம்மா.

"அம்மா! சும்மா... பிள்ளைக்கு விளையாட்டு..."

"என் காது கேக்கவும் கேக்குது சீனியர். கம்மலோடயே."

"அரைப்படின்னா எவ்வளவுங்க?" என்று ஓர் ஆண் குரல் நிதானமாக விசாரித்தது.

"உங்க உயரத்த சொல்றாருங்க" என்று சித்தி விளக்கம் கொடுப்பதும் கேட்டது.

அவள் அவசரப்படவில்லை. பிள்ளை வயிறு நிறையக் குடித்து, ஏப்பமும் விட்ட பிறகுதான் வெளியே வந்தாள். சீனியர் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "இவர இப்பவே அனுப்பிடறேன்" என்றார் முதலாளியம்மா.

"வேணாம்மா" என்றாள் அவள். "ராஜா கதையில படை படையா குதிரை வருது. குளம்புச் சத்தம் நாமதான் போடணும். இவரு நாக்கு நமக்கு வேணும்."

இப்போது சட்டத்தின் உச்சியில் பல்பு சிவப்பாக எரிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீனியர் மைக் முன்னால் நின்று, ட்ளக் ட்ளக்கென்று ஒரு படையையே நாக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் சுழல் நாற்காலி. மடியில் பால் குடிக்கும் பம்பரம். அந்தச் சத்தத்துக்கு அவன் திரும்புவதே இல்லை. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சத்தம்.

அவள் பொத்தானை அழுத்தினாள். "குதிரை களைச்சுப் போச்சு சீனியர். இன்னொரு தடவை."

சீனியர் காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டார். "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கட்டுமாம்மா?"

அவள் மடியைக் குனிந்து பார்த்தாள்.

"பிள்ளை குடிச்சு முடிக்கட்டும்" என்றாள். "அப்புறம் நீங்க குடிக்கலாம்."