செய்திக்கு விவரிப்பு கிடையாது

டிவி தொடரில் மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிறாள் என்பதை இரண்டு இடிச் சத்தங்களுக்கு நடுவே சொல்லி முடிக்க வேண்டும். குரல் கொடுப்பவள் திரும்பத் திரும்ப முயன்று, கடைசியில் 'நின்று' என்ற சொல்லை வெட்டினாள். கண் தெரியாதவர்களுக்கும் புரியும்படி தொடர்களில் காட்சி விவரிப்பு இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்ட பிறகு, சேனல் இந்தச் சின்ன அறையை ஒதுக்கி அவளை உட்கார வைத்திருந்தது. வசனம் ஓயும் இடைவெளியில் திரையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். நடப்பதை மட்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, குரல் தழுதழுக்கக் கூடாது. உத்தரவு கேட்ட அளவுக்கு மேல் ஒரு நிமிடம்கூடச் சேனல் விவரித்ததில்லை. "அவங்கல்லாம் டிவி பாக்குறாங்கன்னே கவர்மென்ட் சொல்லித்தான் நமக்குத் தெரியும்" என்று மேலாளர் சிரிப்பார்.

அன்று இவளைத் தேடி ஒரு பெண் வந்திருந்தாள். மடக்கிய வெள்ளைக் கோலை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர்.

"சீரியல்ல கேக்குற இதே குரல்தான்" என்றாள், இவள் வணக்கம் சொன்னதுமே. "எங்க வீட்டுக்காரர் போன மாசம் லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. தெருக் கேமராவுல பதிவானத உங்க சேனல்ல நாள் பூரா போட்டீங்க. 'நெஞ்சைப் பதற வைக்கும் காட்சி, பாருங்கள்'னு சொல்லிட்டு வெறும் மியூசிக். ஊரே பாத்துச்சு. எதிர்வீட்டுக் கொழந்தகூட பாத்துடுச்சு. நான் மட்டும்தான் பாக்கல."

மேலாளர் கையை விரித்தார். "செய்திக்கெல்லாம் அந்த ரூல் கிடையாதும்மா. கேட்டா உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

"போடும்போது யாருக்கும் கஷ்டமா இல்லியே சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இவளிடம், "என்னமோ பண்ணு, எனக்குத் தெரியாது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அறைக்குள் இரண்டு நாற்காலி போட்டால் முழங்கால் இடிக்கும். அந்தப் பதிவை இவள் முழுதாகப் பார்த்ததில்லை. கேன்டீன் டிவியில் ஓடியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவள்.

"கொழுந்தன் சொல்றான், 'ஒரு நொடியில போயிட்டாரு அண்ணி, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது'ன்னு. மாமியாரும் அதத்தான் சொல்றாங்க. பக்கத்து வீட்டுலயும் அதேதான், ஒரு வார்த்தை மாறாம. பேசி வச்சுக்காம அப்படி வருமா? பொழுதுக்கும் கொரலக் கேட்டே பொழைக்கிறவ நான்." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "சீரியல்ல சொல்ற மாதிரியே சொல்லுங்க. பாவம் பாக்காதீங்க."

இவள் பதிவை ஓடவிட்டாள்.

"மாலை நேரம். நான்கு சாலைகள் சந்திக்கும் இடம். நீலச் சட்டை அணிந்த ஒருவர் ஸ்கூட்டரில் வருகிறார்."

"நீலம்தான். சொல்லிட்டுத்தான் போட்டாரு."

"லாரி திரும்புகிறது. ஸ்கூட்டர் அதன் மறைவில் போகிறது. லாரி நிற்காமல் செல்கிறது. அவர் சாலையில் கிடக்கிறார்."

அதன்பின் இவளுக்கு வாய் வரவில்லை. தொடர் என்றால் யாராவது பேசுவார்கள், இடி இடிக்கும், அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். இதில் வசனமே இல்லை, முழுக்க இடைவெளிதான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

'அவ்வளவுதாம்மா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. இவள் அதை விழுங்கினாள்.

"அவர் கை அசைகிறது. சற்றுத் தள்ளி அவருடைய செல்போன் கிடக்கிறது. அதில் வெளிச்சம் எரிகிறது. கை அந்தப் பக்கம் நகர்கிறது. எட்டவில்லை. ஆட்கள் கூடுகிறார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். யாரும் குனியவில்லை. வெளிச்சம் அணைகிறது. மறுபடி எரிகிறது."

"அது நான்தான்." பெண்ணின் குரல் அடங்கிப்போயிருந்தது. "காலையில சண்ட. ரிங் போய்க்கிட்டே இருந்துச்சா, வீம்புக்கு எடுக்கலன்னு நெனச்சேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே திரும்பத் திரும்ப அடிச்சேன்."

இவள் பதிவைக் கடைசிவரை ஓடவிட்டாள்.

"கை எவ்வளவு நேரம் அசஞ்சுது?"

"படம் முடியற வரைக்கும்" என்றாள் இவள். சொன்ன பிறகுதான், தான் விவரிப்புக் குரலை விட்டுவிட்டது தெரிந்தது.

பெண் அழவில்லை. கையை முன்னால் நீட்டினாள். "எங்க இருக்காரு?"

இவள் பதிவைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள். நீலச் சட்டை, நீட்டிய கை, எல்லாமே விரல் நுனிக்குள் மறைந்துபோயின.

"இவ்வளவுதானா?"

"ரொம்ப உயரத்துலேர்ந்து எடுத்ததும்மா."

"ஓடவிடுங்க."

நகம் வெளுக்க அழுத்தியிருந்த அந்த விரலைச் சுற்றிக்கொண்டு வண்டிகள் ஒவ்வொன்றாக விலகிப் போய்க்கொண்டிருந்தன.