பன்னிரண்டாம் தேதி வரை

மதியம் ஒன்றரை மணிக்கு ஜெனவியேவ் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள். டவுன்டவுனில் எனக்கு வேலை கொடுக்கக் காத்திருக்கும் கம்பெனியில் ஆள் எடுப்பவள். "செவ்வாய்க்கிழமை சேர முடியுமா, முடியாதா? இன்று ஐந்து மணிக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம்," என்றாள் ஆங்கிலத்தில். பன்னிரண்டாம் தேதி சேர்ந்தால் பரவாயில்லையா என்று நான் இழுத்ததும், மெர்சி என்று பிரெஞ்சில் ஒரு நன்றியைச் சொல்லி போனை வைத்துவிட்டாள். நான்காம் தேதிக்குப் பதிலாகப் பன்னிரண்டு. வெறும் எட்டு நாள். அதற்குப் போய் இந்த முறுக்கு!

ஏன் பன்னிரண்டு? மார்ச் பன்னிரண்டாம் தேதிதான் எனக்கு பிஆர், கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கிடைத்தது. லாசாலில் அருமைராசா நடத்தும் கம்பெனி கொடுத்த வேலைக் கடிதத்தை வைத்துக் கிடைத்தது. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்ற வரும் லாரிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் எழுதுகிறோம். மொத்தமே ஐந்து பேர். கார்டு கைக்கு வந்த அன்றே நியூஜெர்சியிலிருந்து யாசின் போன் செய்தான். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். "டேய் சூர்யா, ஆறு மாசத்துக்கு அந்தக் கம்பெனிய விட்டு அசையாத. கார்டுக்காகத்தான் வேலை பாத்த மாதிரி நடிச்சேன்னு நாளைக்கு சிட்டிசன்ஷிப் அப்ப தோண்டுவானுங்க. இங்க ரெண்டு பேரு மாட்டிகிட்டு முழிக்கிறானுங்க." சந்தேகத்துக்கு எங்கள் பேட்ச் மெயில் குழுவிலும் கேட்டேன். பதினோரு பேர் பதில் போட்டார்கள். பத்துப் பேர் ஆறு மாதம் என்றார்கள், ஒருவன் ஒரு வருடம் என்றான். ஆறு மாதத்தோடு போயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அருமைராசாவிடம் இதை நானேதான் சொன்னேன். மன்னார்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், காலையில் சிலுவை போட்டுக்கொள்ளாமல் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். "காட் வந்திட்டுது. இனி என்ன யோசினை, தம்பி?" என்று கேட்டார். "ஆறு மாசம் இங்கதான் இருந்தாகணும் சார். இல்லன்னா கார்டுக்கே ஆபத்து," என்றேன். "ஓ... அப்பிடியோ," என்று தலையைச் சொறிந்தார். மனுஷன் சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கொடுமை. ஜூனில் இரண்டு பேரை அனுப்பிவிட்டார். மிச்சம் அவரும் நானும், அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்னெஸ் அக்காவும். ஒரு திங்கட்கிழமை காபி மெஷினைக் காணோம். அடுத்த வாரம் ஜெராக்ஸ் மெஷின். ஜூலைப் புழுக்கத்தில் ஏசி போடக்கூடாது என்றார். கஞ்சன், மகா கஞ்சன். வேலையும் ஒன்றும் வரவில்லை, லாரிக்காரர்களின் போன்கூட நின்றுவிட்டது. ஆனால் என்னைச் சும்மா விட்டாரா? "போன வருசத்து ரிப்போட்டை இன்னொருக்காச் செய்யும், தம்பி." ஒரே ரிப்போர்ட்டை நாலு தடவை செய்தேன். அடிமைச் சாசனம் எழுதி வாங்கிய மாதிரி வைத்திருக்கிறார் என்று தினமும் வீட்டில் கத்துவேன். மனைவி கோபிகாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "அந்தப் புது வேலையையும் கோட்டை விட்டீங்கன்னு வைங்க, நான் வேலூருக்கு டிக்கெட் போட்டுடுவேன். இதே புலம்பல குளிர்காலத்துலயும் கேக்க எனக்குத் தெம்பில்ல," என்றாள் நேற்று. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்ன கையோடு சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கி வைத்தாள்.

என் மேஜைக்கு எதிரில் அக்னெஸ் அக்கா கொடுத்த சர்ச் காலண்டர். தினமும் கிளம்பும்போது அன்றைய தேதியை அடிப்பேன். இன்று ஆகஸ்ட் முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை. நாலு மணிவரை அதையே வெறித்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது. அங்கே செவ்வாய்க்கிழமையே சேர்ந்துவிடுவது, இங்கே பன்னிரண்டாம் தேதிவரை கணக்கில் பெயரை மட்டும் வைத்து ஓட்டுவது. இதற்கு அவர் காலில் விழ வேண்டியிருந்தாலும் சரி என்று அறைக்குள் போய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அருமைராசா ஏதோ ஒரு தாளால் விசிறிக்கொண்டிருந்தார். விசிறுவதை நிறுத்தினார்.

"வேற வேலை கிடைச்சிட்டுதோ? எப்ப?"

"ஏப்ரல்ல, சார்."

"ஏப்ரலிலையோ!" நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். "அக்னெஸ், இஞ்ச ஒருக்கா வாரும். இந்தப் பெடியன் சொல்லுறதைக் கேளும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "லொறிக்காரர் மே மாசமே எங்களை விட்டிட்டுப் போட்டாங்கள், தம்பி. அண்டைக்கே இழுத்து மூடியிருப்பன். நீர் ஆறு மாசம் எண்டு சொன்னது ஞாபகம் வந்திது. உம்மட பிஆர் காட்டுக்கு ஒண்டு நடந்தா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் எண்டு, இருக்கிற சாமானை வித்து வித்து இழுத்துக்கொண்டிருக்கிறன். உமக்கு இண்டைக்கு என்ன வேலை குடுக்கிறது எண்டு யோசிச்சே எனக்கு மண்டை காய்ஞ்சு போச்சு. இந்தா பாரும், காலமைதான் இந்த இடத்தை இன்னும் ஒரு மாசத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு வாறன். ஆருக்காக? உமக்காக!"

அவர் விசிறிக்கொண்டிருந்தது வாடகை ஒப்பந்தம். அதை மேஜைமேல் அவர் அடித்த அடியில் பேனா உருண்டு கீழே விழுந்தது. நான் குனிந்து அதை எடுத்து வைத்தேன்.

அக்னெஸ் அக்கா வாசலில் நின்றிருந்தார். அவருடைய சர்ச் பங்கில் பாதிப் பேருடைய குடிவரவுப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர். "ஆறு மாசம் எண்டு ஆர் சொன்னது?"

"யாசின்."

"ஆர் அது, லோயரோ?"

"ஃபிரெண்டு. நியூஜெர்சியில இருக்கான்."

"நியூஜேர்சி எப்ப தம்பி கனடாவுக்கை வந்தது?" என்றார் அக்கா. "உங்க அமெரிக்காக்காரர் தங்கட பயத்தைக் கதைக்கினம். இஞ்ச காட் கையிலை வந்தாப் பேந்து நீர் ஆரிட்டை வேலை செய்தால் என்ன? என்ர அக்காட மகன் றஜிந்தன், காட் வந்த கிழமையே கம்பனி மாறினவன். நீர் காலண்டரிலை அடிச்சுக்கொண்டு வாறதைப் பாத்து, மடுமாதாவுக்கு ஏதோ நேர்த்தி வைச்சிருக்கிறீர் எண்டெல்லோ நான் நினைச்சன். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதே!" பிறகு அருமைராசாவைப் பார்த்தார். "அண்ணை, நீங்களாவது கேட்டிருக்கலாம்."

"படிச்ச பெடியன், தெரியாமலோ சொல்லுவான் எண்டு இருந்திட்டன்," என்றார் அவர். குரல் இறங்கிவிட்டிருந்தது.

அவமானம் பிடுங்கித் தின்றது. யாசினைக் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பத்துப் பேரையும்தான். இத்தனை மாதமாக இந்த மனுஷனை நான் வீட்டில் என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறேன்! மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்?" என்று கத்தினார். "போனை எடும் ஐசே! நேரம் என்ன?"

நாலு நாற்பது. அவர் மேஜைப் போனிலேயே எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஜெனவியேவின் பழைய தேன்குரல், பதிவு செய்தது. ஐந்து மணி என்று கெடு வைத்தவர்கள், திங்களும் சேர்ந்த நீண்ட விடுமுறை என்பதால் நாலரைக்கே மூடிவிட்டார்களாம். செவ்வாய்க்கிழமை காலை பார்ப்பார்களாம். தகவலை விட்டுச் செல்லவும். பீப் என்றது.

ஐந்து மாதமாக அவளிடம் சொன்ன சாக்குகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதை எப்படி மாற்றிச் சொல்வது?

"கதையும், கதையும்," என்று அருமைராசா கையை ஆட்டினார். நான் முழிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் போனைப் பிடுங்கினார். "போன்ஜூர் மதாம்! இல் எ லீப்ர்! சூர்யா, லீப்ர்! மார்டி! மார்டி!" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டிக் கத்தினார். இவன் விடுதலையாகிவிட்டான், செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை.

போனை வைத்த பிறகும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. அக்னெஸ் அக்கா போய் ஏசியைப் போட்டார். அது இரண்டு தடவை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. காலி மேஜைகளைத் தாண்டி வந்த காற்றில் வாடகைத் தாள் படபடத்தது. மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.