சூதாட்டக் கப்பலில் ஒரு சாப்பாடு

ஆனி மாதத்தில் கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்பவர்களுக்கு வியாபாரம் மந்தம். குமுளி மலையைத் தாண்டி வரும் சாரல் ஊரை நனைத்துக்கொண்டே இருக்கும்போது குழாய் வாங்க யார் வருவார்கள்? ஈஸ்வரபாண்டி கடை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிர்க்கடைக்காரர் தார்ப்பாயோடு மல்லுக்கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மகள் பூமாரி சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.

கோவாவுக்கு மூன்று நாள் பயணம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாண நாள் பரிசு. கோட்டயத்திலிருந்து ரயில், பனாஜியில் ஆற்றங்கரை ஓட்டலில் அறை, காலைச் சாப்பாடு, ஒரு நாள் சாயங்காலம் கப்பலில் விருந்து. எல்லாம் சேர்த்து, சீசன் நேரத்தில் கொடைக்கானலில் ஒரு நல்ல அறைக்குக் கேட்கிற வாடகைகூட ஆகவில்லை என்று அவள் பெருமையாகச் சொன்னாள். மழைக்காலத்தில், அதுவும் வார நாட்களில், அங்கே கூட்டம் இருக்காதாம். அதனால்தான் அந்த விலையாம். அவள் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை.

“எதுக்கு ஆத்தா இந்தச் செலவு?” என்றார் ஈஸ்வரபாண்டி.

“அம்மா சரின்னு சொல்லிட்டாங்கப்பா. நீங்க கடையப் பூட்டிட்டுக் கெளம்புங்க.”

உமாதேவி சரி என்று சொன்னதுதான் அவருக்கு ஆச்சரியம். மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலே மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவார்கள் என்று கேட்கிறவள் அவள். இந்தத் தடவை மாட்டை அண்ணன் வீட்டில் கட்டிவிட்டு, புளியோதரை கிண்டி, இரண்டு குடையையும் எடுத்து வைத்துவிட்டாள்.

குமுளி வழியாகக் கோட்டயம் போய் ரயில் ஏறினார்கள். ஏசி வேண்டாம் என்று உமாதேவியே சொல்லிவிட்டதால் சாதாரணப் படுக்கைதான். ஜன்னல் வழியாக மழையும் குகையும் பாலமுமாக ஓடின. எதிரில் இருந்த மலையாளி அம்மாளிடம் உமாதேவி, சந்தைக்கு வரும் குமுளிக்காரர்களிடம் கற்றுக்கொண்ட மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தாள். ஆனால் இடையிடையே பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தாள். படுத்த பிறகும் அவள் புரண்டுகொண்டே இருந்ததை ஈஸ்வரபாண்டி மேல் படுக்கையிலிருந்து கவனித்தார். புது இடத்துக்குப் போகிற பரபரப்பு என்று நினைத்துக்கொண்டார்.

பனாஜி ஓட்டலில் அறை சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மண்டோவி ஆறு. ஆற்றின் நடுவே மாடி வைத்த கட்டடங்கள் போலப் பெரிய பெரிய கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. பட்டப்பகலிலேயே அவற்றின் மேல் விளக்குகள் ஓடின.

வரவேற்பில் இருந்தவன் கண்ணூர்க்காரன். உமாதேவி மலையாளத்தில் பேசியதும் சந்தோஷப்பட்டு எல்லாவற்றையும் விளக்கினான். அந்தக் கப்பல்கள் கேசினோ. ஓட்டலும் அதில் ஒரு கப்பலும் ஒரே முதலாளியுடையவை. அறையைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் வருகிறவர்கள் கப்பலில் போய் ஆடுவார்கள். விட்ட விலையை முதலாளி அங்கே எடுத்துவிடுவார். சொல்லிவிட்டு இரண்டு சீட்டுகளை நீட்டினான். கப்பலுக்கு அனுமதி, இரவுச் சாப்பாடு, ஆடுவதற்குக் காசுக்குப் பதிலாகக் கொஞ்சம் வில்லைகள், எல்லாம் அதிலேயே அடக்கம்.

 ஈஸ்வரபாண்டி சீட்டுகளை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உமாதேவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அறைக்கு வந்ததும் சாப்பாட்டை வெளியே பார்த்துக்கொள்ளலாமே என்று மட்டும் சொன்னார். பிள்ளை பணம் கட்டியிருக்கிற சாப்பாட்டை எதற்கு விட வேண்டும் என்று அவள் கேட்டாள். 

பூமாரி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஈஸ்வரபாண்டி தேனியில் ஒரு மனமகிழ் மன்றத்தில் உறுப்பினராக இருந்தார். மன்றம் என்று பெயரே தவிர உள்ளே சீட்டாட்டம்தான். சரக்கு எடுக்கப் போகிறேன் என்று கிளம்பி அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். முதலில் பொழுதுபோக்கு, அப்புறம் பழக்கம். போகப் போக, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்கிற வெறி. உத்தமபாளையத்தில் இருந்த தென்னந்தோப்பு அதில்தான் போயிற்று. கடையும் போயிருக்க வேண்டியது.

அந்தச் சமயத்தில் உமாதேவி சண்டை போடவில்லை, அழவில்லை, அவருடைய அண்ணன் தம்பிகளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு கம்பத்தில் பஸ் ஏறித் தேனிக்கு வந்தாள். மன்ற வாசல் படியில் உட்கார்ந்தாள். ஆள் போய்ச் சொல்லி ஈஸ்வரபாண்டி வெளியே வந்தபோது, சாப்பிட வரவில்லையே என்று கொண்டுவந்தேன் என்றாள். அவ்வளவுதான். அவர் சாப்பிட்டு முடித்ததும் வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் ஊர் திரும்பினாள். மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உள்ளே வருகிற ஆட்கள் தயங்கினார்கள். சிலர் அப்படியே திரும்பிப் போனார்கள். கடைசியில் மன்றத்துச் செயலாளரே ஈஸ்வரபாண்டியைக் கூப்பிட்டு, அண்ணே, இனிமே நீங்க வராதீக, எங்க பொழப்பு கெடுது என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் சீட்டைத் தொடவில்லை. ரயிலில் பக்கத்து ஆட்கள் பொழுதுபோக்காக ஆடினால்கூட எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சின்னப் படகு அவர்களைக் கப்பலுக்கு ஏற்றிச் சென்றது. உமாதேவி பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். கையில் காகித வளையம் மாட்டினார்கள். ஆளுக்கொரு சின்னப் பையில் வில்லைகள் கொடுத்தார்கள். ஆடினால்தான் செல்லும், காசாக மாற்ற முடியாது என்றார்கள். சாப்பாடு ஏழரைக்குத்தான். மேல்தளம் மழையில் நனைந்துகொண்டிருந்ததால் அடைத்துவிட்டார்கள். உட்காரலாம் என்று பார்த்தால், ஆடும் மேசைகளைச் சுற்றித்தான் நாற்காலிகள் இருந்தன.

ஜன்னல் இல்லாத பெரிய கூடம். சக்கரம் சுற்றுகிற இடத்தில் கூச்சல். சூதாட்ட இயந்திரங்களின் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கிற பெண்கள். ஒரு மூலையில் மைக் வைத்து இந்திப் பாட்டு. இருவரும் ஒரு தூண் ஓரமாக நின்றார்கள். கழிவறை போய் வருகிறேன் என்று ஈஸ்வரபாண்டி கிளம்பினார்.

திரும்பி வரும் வழியில்தான் அந்த அறை. கதவு திறந்தே இருந்தது. பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி ஆட்கள். ரம்மி. சீட்டுக்கட்டைக் கலைக்கிற அந்தச் சரசரப்பு காதில் விழுந்ததும் அவருடைய கால்கள் தாமாக நின்றன. கையில் சீட்டே இல்லை, ஆனாலும் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் விசிறுவது போல அசைந்தது. அதை அவரே பார்த்தார். ஒருவர் எழுந்து போனார். மேசைக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்து, காலி நாற்காலியைக் காட்டினாள். அவர் உள்ளே போய் நாற்காலி முதுகின் மேல் கையை வைத்தார்.

ஓசி வில்லைகள்தானே, போனால் போகிறது, ஒரே ஒரு ஆட்டம் என்று மனசு சொல்லிற்று. மன்றத்திலும் மனசு தினமும் சொன்னது அதைத்தான்.

ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தார். கூடத்தின் தூண் ஓரத்தில் உமாதேவி நின்றுகொண்டிருந்தாள். அவர் அங்கே நிற்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கூப்பிடவில்லை, கிட்டே வரவும் இல்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது. பூமாரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எந்த மகள் தன் அப்பனுக்கு இந்த இடத்தில் அறை போடுவாள்? கேட்டபோதெல்லாம் அப்பா சரக்கெடுக்கப் போயிருக்காக என்று சொல்லி வளர்த்திருக்கிறாள் இவள். தோப்பு எங்கே என்று பிள்ளை கேட்டபோது என்ன சொன்னாளோ. இத்தனை வருஷத்தில் ஒரு கோபத்தில்கூட, ஒரு வார்த்தை வாய் தவறிக்கூட, பிள்ளையிடம் அப்பனை விட்டுக்கொடுக்கவில்லை.

ஈஸ்வரபாண்டி நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். தூண் வரைக்கும் நடந்து வருவதற்குள் கண் கலங்கிவிட்டது. துண்டு இல்லாததால் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

“பூமாரிகிட்ட நீ சொல்லவே இல்லையா?”

“என்னத்த?”

“தேனியில நான் ஆடுனத.”

“அத எதுக்கு அவகிட்டச் சொல்லணும்?” என்றாள் உமாதேவி. கொஞ்ச நேரம் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தாள். “இந்த ஓட்டல் படத்த மொதல்ல எனக்குத்தான் அனுப்புனா. கேசினோன்னு பெருசா போட்டிருந்துச்சு. வேணாம்னு சொல்லிருப்பேன். சொன்னா ஏம்மான்னு கேப்பா. என்ன சொல்ல நானு? சரி, நம்மாளு போயி உக்கார மாட்டாகன்னு நம்பித்தான் வந்தேன்.”

“இப்ப அங்கன நின்னேனே.”

“நின்னீக. பயமாத்தான் இருந்துச்சு. ரயில்லயே தூக்கம் வரல.” அவள் தலைப்பை விட்டுவிட்டாள். “அதான் வந்துட்டீகளே.”

 அவள் தன் பையைத் திறந்து வில்லைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். பிறகு, அவர் கொஞ்சமும் எதிர்பார்க்காததைச் சொன்னாள். அந்தப் படியில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தும் உள்ளே என்னதான் இருக்கிறது என்று தான் ஒரு நாளும் பார்த்ததில்லையாம். இப்போது பார்க்க வேண்டுமாம். நேராகச் சக்கரத்து மேசைக்குப் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் எண்களைக் கணக்குப் போட்டுக் குறித்துக்கொண்டிருந்தபோது, இவள் மொத்த வில்லைகளையும் ஒரே கட்டத்தில் குவித்துவிட்டு நின்றாள். வெள்ளைக் குண்டு ஓடியது, தட்டித் தட்டிக் குதித்தது, எங்கேயோ விழுந்தது. மேசைக்காரன் ஒரு குச்சியால் அவளுடைய வில்லைகளை வாரிக்கொண்டான்.

உமாதேவி கொஞ்ச நேரம் காலிக் கட்டத்தையே பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா?” என்று கேட்டாள்.

“இம்புட்டுத்தான்” என்றார் ஈஸ்வரபாண்டி.

“இதுக்கா ஒரு தோப்பு?”

அவள் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வெட்கமான சிரிப்பு, பிறகு அடக்க முடியாத சிரிப்பு. அவளும் சிரித்துவிட்டாள். மேசையைச் சுற்றி நின்றவர்கள், இந்த அம்மாள் ஜெயித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய பையில் இருந்த வில்லைகளை அவர் எடுக்கவே இல்லை. கப்பலை விட்டு இறங்கும்போது அப்படியே வாசல் மேசையில் வைத்துவிட்டார்.

சாப்பாடு பிரமாதம் என்று சொல்ல முடியாது. ரசம் இல்லை, எல்லாவற்றிலும் பன்னீர் மிதந்தது. ஆனால் மீன் வறுவல் நன்றாக இருந்தது. உமாதேவி மூன்று கிண்ணம் ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். நாலாவது கிண்ணத்தை ஈஸ்வரபாண்டி கேட்காமலேயே கொண்டுவந்து வைத்தார். நம்மால் இந்த முதலாளிக்கு நஷ்டம்தான் என்று அவள் சொன்னாள்.

கடைசி நாள் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஆற்றைக் கடக்கும் அரசாங்கப் படகில், வண்டி இல்லாமல் நடந்து ஏறுகிறவர்களுக்குக் காசு இல்லை என்று கண்ணூர்க்காரன் சொல்லியிருந்தான். அதில் ஏறி அக்கரைக்குப் போனார்கள். ஒரு கடையில் பாவ் ரொட்டியும் பட்டாணிக் குழம்பும் சாப்பிட்டார்கள். திரும்பி வந்தார்கள். உமாதேவிக்குப் படகு பிடித்துப்போய்விட்டது. இன்னொரு தடவை போகலாமா என்றாள். இன்னொரு தடவை போனார்கள். சூதாட்டக் கப்பல்கள் பகல் வெளிச்சத்தில் சாயம் போன கல்யாண மண்டபங்கள் மாதிரி நின்றன.

நடு ஆற்றில் பூமாரி கூப்பிட்டாள். அந்த ஓட்டலைப் பற்றி யாரோ எழுதியிருந்ததை இப்போதுதான் படித்தாளாம். கேசினோ ஆட்கள் வந்து போகிற இடமாமே, உங்களுக்குச் சங்கடமாக இருந்ததா, கேசினோ என்று போட்டிருந்ததைப் பெரிதாக நினைக்காமல் விலையை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டேன் என்று வருத்தப்பட்டாள்.

“நல்ல எடத்துக்குத்தான் அனுப்பிருக்க ஆத்தா” என்றார் ஈஸ்வரபாண்டி. “உங்கம்மாவோட இப்பிடி உக்காந்து பேசி எம்புட்டு நாளாச்சு. நீ போட்ட ஓட்டலுக்கு ஒரு கொறையும் இல்ல.”

போனை வைத்த பிறகு உமாதேவியின் பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் சொல்லாத ஒரு வார்த்தை இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிற நன்றிதான். வீட்டில் சொல்லிப் பழக்கமில்லை.

“உமா, நான் ஒனக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மழைத் தூறல் அவள் முன்தலை முடியில் பூத்திருந்தது.

“மேடையில பேசுற மாதிரிப் பேசுறீக” என்றாள். சொல்லிவிட்டு, படகின் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய கையின் மேல் தன் கையை வைத்தாள். எதிரே கூடைக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவள் இப்படிச் செய்கிறவள் இல்லை.

அவர் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். படகு கரையில் முட்டி நின்று, எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.