பக்கத்து வீட்டில் மூன்று நிமிடம்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட பார்பிக்யூ விருந்தில் நோரீன் ஹாஸ்கெட் இதை ஜோக்காகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவன் டேல்தான் அதிகம் சிரித்தான். நோரீன் மட்டும் உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிடாமல் கிளறிக்கொண்டே இருந்தாள். அந்தக் கிளறலை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

ஒஹையோவின் வானம் அன்று சாம்பல் நிறத்தில்

வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளினால் இப்படித்தான், வானம் முந்திக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் தெருவில் இருபத்தாறு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. கராஜ் கதவைத் திறக்க அழுத்தும் எண்ணாக, வீடு கட்டியவர்கள் எல்லாவற்றுக்கும் வைத்தது 1234. யாரும் மாற்றவில்லை. போன வியாழன் சாயங்காலம், பதினோரு வருடமாகப் பார்க்கும் வேலையிலிருந்து திரும்பிய நோரீன் ஒரு வீடு முன்னாலேயே காரைத் திருப்பிவிட்டாள். எண்ணை அழுத்தினாள், கதவு திறந்தது. உள்ளே போய் ஷூவைக் கழற்றினாள்.

[கராஜைப் பார்த்தாவது தெரியாதா என்பீர்கள். எல்லார் கராஜிலும் அதே அட்டைப்பெட்டிகள்தான்.]

3

மாடியில் அந்த வீட்டுக்காரன் வின்ஸ் துணி மடித்துக்கொண்டிருந்தான். வந்தது தன் மனைவி என்று நினைத்து, அங்கிருந்தே கேட்டான்.

"வந்துட்டியா? இன்னைக்கு எப்படிப் போச்சு?"

ஜோக்கில் நோரீன் இந்த இடத்தில் அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். ஆனால் நான் எதிர்வீடு. அவள் வெளியே வர மூன்று நிமிடம் ஆனது. ஷூவைக் கையில் பிடித்தபடி மெல்ல நடந்துதான் வந்தாள். அந்த மூன்று நிமிடம் என் கற்பனை:

"நல்லாவே போகல."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான். ரொம்ப நாளாவே ஒண்ணும் ஆகல."

"இரு, கீழ வரேன்."

[குரல் வித்தியாசம் தெரியாதா என்று கேட்காதீர்கள். மேலே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.]

4

நோரீன் தன் வீட்டுக்குள் நுழைந்ததும், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், பால் வாங்கினாயா என்று டேல் கேட்டான்.

அவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. பனி கொட்டினால் என் வாசலில் கிடப்பதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவன். அவன் செய்த ஒரே தப்பு...

5

முடிவு அ: நோரீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். எங்கே? எனக்கே தெரியவில்லை. தவிர, அவளுக்கு டேலைப் பிடிக்கும்.

முடிவு ஆ: கராஜ் எண்ணை மாற்றுகிறாள். அழகாக இருக்கிறது, அதனாலேயே பொய்.

எனவே நான் பார்த்ததோடு நிறுத்துகிறேன். விருந்து முடிந்து இருவரும் காலித் தட்டுகளோடு வீட்டுக்கு நடக்கிறார்கள். டேலுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்கிறான்:

"சரி, வின்ஸ் கேட்டதுக்கு நீ என்னதான் சொன்ன?"

நோரீன் நின்றுவிடுகிறாள். ஏதோ சொல்கிறாள். என் ஜன்னலுக்கு எட்டவில்லை. டேலின் சிரிப்பு நிற்கிறது.

அவள் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, டேல் புல்தரையில் உட்கார்ந்துவிட்டான்.