பால் சோப்பும் மாஸ்டரின் மூக்கும்

என் வீட்டுக்காரர் பேக்கரியில் மாஸ்டர். கடையில் மட்டுமில்லை, தெருவிலும் அவருக்கு அதுதான் பெயர். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். முப்பது வருஷமாக, அடுப்பைத் திறக்காமலே உள்ளே ரொட்டி வெந்ததா இல்லையா என்று வாசனையை வைத்துச் சொல்கிற மனுஷன். அந்த மூக்கால் ஊருக்கு நல்ல ரொட்டி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வேறு. "வெங்காயம் இன்னும் ஒரு நிமிஷம் வதங்கியிருக்கணும்", "இது போன வாரத்து எண்ணெயா?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு வந்துவிடும்.

அப்படிப்பட்டவர் இரண்டு மாதமாக என் சமையலைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். எதை வைத்தாலும் பிரமாதம். ஒரு நாள் "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றுகூடச் சொல்லிவிட்டார். ஐம்பதைத் தாண்டினால் ஆம்பளைகளுக்குப் புத்தி வரும் என்பாள் என் அக்கா. சரி, வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது.

நான் மாடி அறையில் சோப்பு செய்கிறவள். அடுப்பில் வைத்துக் காய்ச்சாத சோப்பு. எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசலைக் கலக்கி, அச்சில் ஊற்றி, மறுநாள் துண்டு போட்டு, ஆறு வாரம் அலமாரியில் ஆறப்போட வேண்டும். அதில் கேரட் விழுது, ஓட்ஸ் மாவு, தேன், பால், காபித்தூள் என்று எதையாவது சேர்ப்பேன். "இதைத் தேய்ச்சுக் குளிக்கணுமா, தட்டுல வச்சுச் சாப்பிடணுமா?" என்று கேட்பார் கீழ்வீட்டு டெய்லரம்மா. கேட்டுவிட்டு இரண்டு வாங்கிக்கொண்டும் போவார்.

மாஸ்டர் இதிலும் மூக்கை நுழைப்பார். அவர் கண்ணுக்கு சோப்பும் ஒரு கேக்தான். ஒருமுறை நான் அசந்த நேரம் பார்த்து ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி உள்ளே போட்டுவிட்டார். நாலாவது வாரம் சோப்பு முழுக்கப் பழுப்புக் குழி, குழிக்குள் பூசணம். "கேக்ல போட்டா நல்லாத்தானே இருக்கு" என்றார். "கேக்கையும் ஆறு வாரம் வச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றேன்.

அவருடைய முதலாளியம்மா இரண்டாவது கடை திறக்கப்போகிறார். திறப்பு நாளில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க பாலும் தேனும் ஓட்ஸும் போட்ட அறுபது சோப்பு வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. புதுக் கடை அடுப்பு யார் பொறுப்பு என்பதைத் திங்கட்கிழமை அறிவிப்பதாகச் சொல்லியிருந்தார். மாஸ்டர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தன் இஷ்டப்படி நடத்த ஒரு அடுப்பு வேண்டும் என்பது அவருக்கு முப்பது வருஷத்து ஆசை.

அதற்கு முந்தைய ஞாயிறு மதியம்தான் அந்த சோப்பைப் போட உட்கார்ந்தேன். பால் சோப்புக்குப் பாலை முதல் நாளே உறைய வைத்துவிடுவேன். உறைந்த பாலில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால்தான் சூடு அடங்கும். இல்லையென்றால் பாலில் இருக்கிற சர்க்கரை தீய்ந்து, நாற்றம் ஊரைத் தூக்கும். "பால் கட்டியை ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து மேஜைல வைங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அச்சில் விரிக்கிற காகிதம் எடுக்கக் கீழே போனேன். படியில் டெய்லரம்மா பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தால் பத்து நிமிஷத்துக்குக் குறையாது.

திரும்பி ஏறும்போது பாதிப் படியிலேயே குமட்டியது. பத்து நாள் பூட்டிக் கிடந்த பொதுக் கழிப்பறையைத் திறந்த மாதிரி ஒரு நெடி. உள்ளே எவர்சில்வர் பாத்திரத்தில் ஆரஞ்சு நிறத்தில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. சோடா தெறிக்காமல் நான் போடுகிற கண்ணாடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு, மாஸ்டர் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"ஐஸ் கட்டியில எது ஒழுங்காக் கலக்கும்? பாலை வெதுவெதுப்பா சூடு பண்ணிட்டு சோடாவைப் போட்டேன். மாவுக்கு அப்படித்தானே? அப்பத்தான் ஈஸ்ட் எழும்பும்."

"சோப்புல ஏதுங்க ஈஸ்ட்!"

ஜன்னல்களைத் திறந்துவிட்டு அவரை வெளியே இழுத்து வந்தேன். மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டே, "சளி பிடிக்குது போல" என்றார். அப்புறம் ஒரு சிரிப்பு. "ஆனா பாரு, தேன் வாசம் எப்படித் தூக்குது!"

தேன் பாட்டில் மேஜையில்தான் இருந்தது. அதன் மூடி சீலைக்கூட நான் உடைக்கவில்லை.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். நான் பாட்டிலைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டிருந்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"அந்தப் பெரிய ஜுரம் வந்துச்சே, அதுக்கப்புறம். ஒரு வாசமும் தெரியல. ருசியும் உப்பு, இனிப்போட சரி."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மனைவி என்கிறவள் அந்த நிமிஷம் புருஷன் பிழைப்பை நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது வேறு.

"அப்போ ரெண்டு மாசமா என் சமையல்?"

கொஞ்சம் யோசித்தார். "கலர் நல்லா இருந்துச்சு" என்றார்.

ஒரு மணி நேரம் அவரோடு பேசவில்லை. பாத்திரத்தைக் கழுவும்போதுதான் மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். கடையில் கடிகாரத்தை வைத்தும், அடுப்பு சூட்டை வைத்தும், ரொட்டியின் அடியைத் தட்டிச் சத்தத்தை வைத்தும் ஓட்டிவிடுகிறாராம். இன்னும் கொஞ்ச நாளில் மூக்கு சரியாகிவிடுமாம். அதுவரை யாருக்கும் தெரியப்போவதில்லையாம்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறீங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போன மாசம் கெட்டுப்போன வெண்ணெய்ல கேக் போட்டுட்டேன். எல்லாம் திரும்பி வந்துச்சு. சாமான் எடுத்துக் குடுக்கிற ஸ்டோர்க்காரரை முதலாளியம்மா எல்லார் முன்னாடியும் திட்டினாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயே திறக்கல."

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "நாளைக்கு அவங்க அறிவிக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க" என்றேன்.

"சொன்னா அந்த அடுப்பு போயிடும்."

"போகட்டும்."

"மூக்கு இல்லாத மாஸ்டர் யாருக்கு வேணும்?"

எனக்கு வேணும் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்து ஆள் நான், வாயில் வரவில்லை. "முதல்ல கையுறையைக் கழட்டுங்க" என்றேன்.

திங்கட்கிழமை அவர் கிளம்பின பிறகு, முந்தின ராத்திரியே உறைய வைத்திருந்த மீதிப் பாலில் மறுபடி சோப்பு போட்டேன். கை தன் பாட்டுக்குக் கலக்கியது, காது வாசலில் இருந்தது. சாயங்காலம் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலில் போய் நின்றவள், நின்றபடியே இருந்துவிட்டேன்.

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன்" என்றார். "புது அடுப்பு எனக்குக் கீழ இருக்கிற சின்ன மாஸ்டருக்கு. என்னை மாவுப் பக்கம் போட்டிருக்காங்க. 'கை இருக்குல்ல மாஸ்டர், மாவுக்கு மூக்கு எதுக்கு?'ன்னாங்க. டாக்டரைப் பாருங்கன்னு லீவும் குடுத்தாங்க."

"ஸ்டோர்க்காரர்?"

"மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த சாக்கைக் கீழ வச்சார். அப்புறம், ‘அந்த அம்மாகிட்ட நீங்களும் திட்டு வாங்கினீங்களா?’ன்னார். ஆமான்னேன். ‘அப்போ சரி’ன்னுட்டுப் போயிட்டார்."

நல்லதுதான் செய்திருக்கிறார். ஆனாலும் முப்பது வருஷத்து ஆசை அவர் முகத்தைவிட்டுப் போயிருந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. தட்டைப் போட்டேன். சோற்றையும் உருளைக்கிழங்கையும் வைத்தேன். அவர் கை வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி வாசம் வருது? நீயே சொல்லேன்" என்றார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் சமையலுக்கு நானே தீர்ப்பு சொல்கிற வாய்ப்பு அன்றைக்குத்தான் கிடைத்தது. என்ன சொன்னாலும் மறுக்க ஆளில்லை. பூண்டு பொன்னாக வதங்கி கமகமக்கிறது என்று சொல்லியிருக்கலாம். மனசும் ஆறியிருக்கும்.

"அடி பிடிச்சிருக்குங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "லேசாவா?"

"நல்லாவே."

அவர் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, இரண்டு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. அப்புறம் தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் ரெண்டு துண்டு வை" என்றார்.