பாக்கியநாதன் கிடாரில் பதினேழு பேர்

பாக்கியநாதன் கிடாரில் எங்கள் தெருக்காரர்கள் பதினேழு பேர் இருக்கிறோம். நான் கீழே வலது ஓரத்தில், வால்யூம் திருகுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நல்ல இடம். வெளிச்சம் வரும்.

அது கடையில் வாங்கிய கிடார் அல்ல. அவரே அறுத்து, அவரே இழைத்து, வீட்டிலேயே செய்த எலக்ட்ரிக் கிடார். பாக்கியநாதனுக்குத் தொழில் பல்செட் செய்வது. தெருவில் பாதிப் பேர் அவர் மெருகு போட்ட பற்களால்தான் சிரிக்கிறோம். பல்லையே மினுக்குகிறவனுக்குப் பலகை எம்மாத்திரம் என்று இறங்கிவிட்டார்.

பலகையில்தான் வில்லங்கம். அது அவர் மனைவி ரோஸ்லின் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பலாமரச் சாப்பாட்டு மேஜை. துடைக்கும்போதெல்லாம் அதில் ரோஸ்லினுக்குத் தன் முகம் தெரியுமாம். அறுக்கட்டுமா என்று இவர் கேட்டதும் ரோஸ்லின் ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வெட்டிக்கோங்க. ஆனா முடிச்சப்புறம் அதுல என் முகம் தெரியணும்."

தெரியும் என்று வாக்குக் கொடுத்தார் பாக்கியநாதன்.

அன்றிலிருந்து இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மேஜையின் நான்கு கால்கள் மட்டும் பழைய இடத்தில் நிற்கின்றன. சோறு பரிமாறும்போது கொஞ்சம் கிட்டே நகர்ந்து வருகின்றன.

பாக்கியநாதன் பலகைக்குப் பட்டி வைத்தார். பிரைமர் அடித்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நிறம் கத்தரிக்காய் நிறம். ஆறாவது கோட்டு அடித்து, நடையின் கோடியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டார். யார் கையும் படக்கூடாது என்று அந்த நடை தினமும் கொஞ்சம் நீண்டது. காலையில் கிடாரைப் பார்க்கக் கிளம்பினால் பாக்கியநாதன் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார். எங்களுக்கு மட்டும் அது எட்டே அடி.

'ஈரம், தொடாதீர்கள்' என்று ஓர் அட்டையில் பெயிண்டால் எழுதி மாட்டினார். எழுத்து காய்ந்ததா என்று முதலில் அட்டையைத் தொட்டுப் பார்த்தோம். பிறகு கிடாரை.

எதிர்வீட்டுக் குமுதவல்லி கையும் விரலுமாக அகப்பட்டார்.

"எழுதி வச்சிருக்கேனேக்கா, படிக்கலையா?"

"படிச்சேன் தம்பி. நிஜமான்னு பார்த்தேன்."

பதினேழு பேர் ரேகை விழுந்த பிறகு பாக்கியநாதன் என்ன செய்வார்? ஏழாம் நம்பர் வேதமூர்த்தியின் ரேகையை மட்டும், நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுத்தார். அன்று சாயங்காலம் வேதமூர்த்தி தன் வீட்டு மணியை அழுத்தினார். மணி அடிக்கவில்லை. நாய் குரைக்கவில்லை. வீட்டில் ஒரு தட்டு குறைவாக எடுத்து வைத்தார்கள். மறுநாள் அவர் வந்து கிடாரை மறுபடி தொட்டுவிட்டுப் போனார். மணி அடித்தது.

அதன்பிறகு ரேஷன் போடும் நாள் வந்தது.

கைரேகை மெஷினில் குமுதவல்லி விரலை வைத்தார். மெஷின் சிவப்பாக எரிந்தது. கடைக்காரர் மாசிலாமணி அதைச் சாய்த்துப் படித்தார்.

"உங்க விரல் வேற இடத்துல இருக்குதாம்மா. கத்தரிக்காய்க் கலர்ல."

எனக்கும் அதேதான் காட்டியது. வரிசையில் நின்ற பதினேழு பேருக்கும் அதேதான். மாசிலாமணி பதற்றப்படவில்லை. கிடாரைக் கொண்டுவரச் சொன்னார். பாக்கியநாதன் அதை ஓரம் பிடித்துக் குழந்தை மாதிரி ஏந்தி வந்தார். ஒவ்வொருவரும் தன் இடத்தைக் காட்ட, அதன்மேல் மெஷினை வைக்க, அரிசி விழுந்தது.

கடைசியில் பாக்கியநாதன் தன் விரலை வைத்தார். மாதக்கணக்கில் வாட்டர் பேப்பர் பிடித்துத் தேய்ந்த விரல். அதில் ஒரு கோடு இல்லை.

"கிடார்ல எங்க இருக்கீங்க?" என்றார் மாசிலாமணி.

"நான் அதைத் தொடலை. பெயிண்ட் அடிச்சதுலேர்ந்து கையுறை போட்டிருந்தேன்."

"அப்போ நீங்க எங்கயும் இல்லை."

இருப்பதற்கென்று மாசிலாமணி ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அடியில் கட்டைவிரல் ரேகை வைக்கக் கட்டம் இருந்தது. குடும்ப அட்டையில் அதற்குள் அவர் பெயர் இருந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. கூட வந்திருந்த ரோஸ்லின் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"அப்போ நான் இத்தனை நாளா தரையில உக்காந்து யாருக்குச் சோறு போட்டேன்?"

"அதை இந்த மெஷின்ல கேக்க முடியாதும்மா," என்றார் மாசிலாமணி.

மறுநாள் நிறத்துக்கு மேலே வார்னிஷ் மாதிரிக் கிளியர் கோட்டு அடிக்கவேண்டும். அதோடு வேலை முடிந்தது. தேய்த்துவிட்டு அடித்தால் கண்ணாடி மாதிரி ஆகும், ரோஸ்லின் முகம் தெரியும், நாங்கள் போய்விடுவோம். தேய்க்காமல் அடித்தால் எங்கள் மேடு பள்ளமெல்லாம் அப்படியே நின்றுவிடும், முகம் தெரியாது. இதை எங்களிடம் அவர்தான் விளக்கினார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். குமுதவல்லி மட்டும் கொழுக்கட்டை கொண்டுவந்து வைத்துவிட்டு, தன்னைத் தேய்த்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மதியம் எல்லோரும் ஜன்னலில் நின்றோம். வேடிக்கை பார்க்க அல்ல. எங்கள் விஷயம், நாங்கள் நின்றோம்.

பாக்கியநாதன் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தார். கிடாரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பேப்பரிலிருந்து தண்ணீர் முழுவதும் சொட்டி முடிந்தது. அதைக் கொடியில் காயப்போட்டுவிட்டு ஸ்பிரே கன்னை எடுத்தார்.

அடித்து முடித்ததும் ரோஸ்லின் வந்து குனிந்து பார்த்தார். முகம் பதினேழு துண்டாக இருந்தது. ஒரு கண் என்மேல் விழுந்தது. மூக்கு குமுதவல்லிமேல்.

"முகம் வராது ரோஸ்," என்றார் பாக்கியநாதன். "சொன்னபடி செய்ய முடியல."

மேஜைக் கால்கள் கூடத்திலிருந்து வந்து வாசற்படியில் நின்றன.

"கையுறையைக் கழட்டுங்க," என்றார் ரோஸ்லின்.

"ஈரம் ரோஸ்."

"படிச்சேன்."

அவர் விரலைப் பிடித்து, யாரும் தொடாத நடு இடம் பார்த்து, ரோஸ்லினே அழுத்தினார். பிறகு மெதுவாக எடுத்தார். கோடு எதுவும் விழவில்லை. தேய்ந்த விரல் பட்ட அந்த இடம் மட்டும், புளியங்கொட்டை அளவுக்கு, கண்ணாடியாக இருந்தது.

ரோஸ்லின் மூக்கு தொடுகிற தூரத்துக்குக் குனிந்தார்.

"தெரியுதா?"

"தெரியுது. தலை வாரணும்."

மாசிலாமணி மெஷினோடு வீட்டுக்கே வந்தார். அந்தப் பளபளப்பின்மேல் பிடித்தார். சிவப்பு. ரோஸ்லின் பக்கத்தில் குனிந்ததும் பச்சையாகிப் பாக்கியநாதன் பெயரைக் காட்டியது. இரண்டுமுறை சோதித்தார்கள். ரோஸ்லின் முகம் அதில் தெரிந்தால்தான் இவர் இருக்கிறார். மாசிலாமணி அதைக் குடும்ப அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கொழுக்கட்டை தின்றார்.

அப்புறம் கம்பி மாட்டினார்கள். மேஜைக் கால்கள் நான்கும் வந்து அடியில் நின்றுகொண்டன. கிடாரை அவற்றின்மேல் படுக்கவைத்துப் பாக்கியநாதன் கம்பியில் ஒரு தட்டு தட்டினார். தெருவில் பதினேழு கட்டைவிரல்கள் ஒன்றாக அதிர்ந்தன. என் கையில் தம்ளர் இருந்தது. கொஞ்சம் சிந்தியது.

இருவரும் உள்ளே சாப்பிடப் போனார்கள். நடை எட்டே அடிதான். நான் போய் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.